38 அடி கேம்பரும் ஒரு டீசல் பிக்கப்பும்: நான்கரை வருஷ அனுபவம்

டீசல் பிக்கப்பில் பெரிய கேம்பரை, அதாவது இழுத்துப் போகும் சக்கர வீட்டை, மாட்டி ஊர் சுற்றலாம் என்று யார் சொன்னாலும், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தீர்களா? ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். விளம்பரங்களில் வருவது இழுக்கும் எடை. ஸ்டிக்கரில் இருப்பது சுமக்கும் எடை. பெரும்பாலும் இழுக்கும் எடை தீர்வதற்கு வெகு முன்பே சுமக்கும் எடை தீர்ந்துவிடும். இது தெரியாமல் நாங்கள் ஒரு வண்டியை வாங்கி, நஷ்டத்துக்கு மாற்றினோம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் மலைப் பக்கம் போய் மூன்று வாரம் தங்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அதற்காக வாங்கியது 38 அடி ஃபிஃப்த் வீல் கேம்பர். இது பம்பரில் மாட்டி இழுக்கும் வகை இல்லை. நம் ஊர் ட்ரெய்லர் லாரி மாதிரிதான். கேம்பரின் மூக்குப் பகுதியிலிருந்து இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு கிங் பின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அது பிக்கப்பின் பின்தொட்டியில் உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பாரம் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே உட்காருவதால் ஆட்டம் குறைவு, காற்றடித்தாலும் வால் அலையாது. ஆனால் கேம்பரின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் மேலே, நேராகப் பிக்கப்பின் தலையில் இறங்கும்.

முதலில் எங்களிடம் இருந்தது முக்கால் டன் வகை டீசல் வண்டி. முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் பிக்கப்பின் ரகப் பெயர்தான், அது சுமக்கும் எடை இல்லை. கேம்பர் விற்ற இடத்தில் கேட்டோம். "டீசல்தானே, தாராளமாக இழுக்கும்" என்றார்கள். இழுத்தது, அதில் குறையில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகிவிட்டது. மனசு சரியில்லாமல் வழியிலேயே ஒரு டிரக் ஸ்டாப்பில் எடை போட்டோம். ஸ்டிக்கரில் இருந்தது 2,010 பவுண்டு. எங்கள் நாலு பேரையும் ஹிட்சையும் கணக்கில் சேர்க்காமலே, காலி கேம்பரின் பாரம் மட்டும் 2,400 பவுண்டுக்கு மேல். அந்த வகை டீசல் வண்டிகளில் இது பொதுவான சிக்கல். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று வைத்துவிடுகிறார்கள். டீசல் எஞ்சினே கனமானது என்பதால் மிச்சம் அதிகம் இருக்காது.

நான்கு மாதத்தில் அதைக் கொடுத்துவிட்டு, பின்னால் இரட்டை டயர் போட்ட ஒரு டன் வண்டியை, எட்டடித் தொட்டியோடு வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே பெரிய விஷயம் இல்லை. ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றுமே இந்த வகையில் வேண்டிய அளவு சக்தி தருகின்றன. இந்த வகையில் சில வண்டிகளில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இருக்காது, 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிக்கு விதி வேறு. அப்போது மொத்த எடை வரம்பு எழுதிய லேபிளைப் பார்த்து, அதிலிருந்து உங்கள் வண்டியின் நிஜ எடையைக் கழிக்க வேண்டும். நிஜ எடை எடை மேடையில்தான் தெரியும்.

எடை மேடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைச் செய்வதே இல்லை. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மேடை மூன்று தட்டாக இருக்கும். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் அடுத்ததில், கேம்பர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். மூன்றும் தனித்தனியாகச் சீட்டில் வரும். பிறகு கேம்பரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வண்டியை மட்டும் இன்னொரு முறை போட வேண்டும். எங்கள் சீட்டு இன்னும் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது. நாலு பேர், ஹிட்ச், முழு டீசல் டேங்க் எல்லாம் சேர்த்து வண்டி மட்டும் 9,410 பவுண்டு. கேம்பரை மாட்டிய பிறகு முன் ஆக்ஸில் 5,160, பின் ஆக்ஸில் 7,290, கூட்டினால் 12,450. அப்படியென்றால் கிங் பின் வழியாக இறங்கிய பாரம் 3,040 பவுண்டு, கிட்டத்தட்ட 1,380 கிலோ. கேம்பர் சக்கரங்களில் 11,020. ஆக, சாமான் ஏற்றிய கேம்பர் 14,060 பவுண்டு. பிக்கப்பின் வரம்பு 14,000, அதன் ஆக்ஸில்களில் இருப்பது 12,450 என்பதால் இன்னும் 1,550 பவுண்டு கையில் இருக்கிறது.

கேம்பர் புரோஷரில் இந்த கிங் பின் பாரம் 2,340 என்றுதான் போட்டிருந்தார்கள். அது தண்ணீர், பேட்டரி, துணிமணி, பாத்திரம் எதுவும் இல்லாத எடை. எங்கள் கேம்பரில் சாமான் அறை முன்பக்கம்தான், படுக்கையறை அலமாரியும் முன்பக்கம்தான். அரிசி மூட்டை, மாவு அரைக்கும் கிரைண்டர், இரண்டு குக்கர் எல்லாம் அங்கேதான் போகின்றன. புரோஷர் எண்ணை நம்பி வண்டி தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்தது 600, 700 பவுண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

வண்டியின் வரம்பும் கேம்பரின் வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், கேம்பர் வரம்பும் 10,000க்கு மேல் இருந்தால், டெக்சாஸில் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். எங்களுக்கு 29,500 வந்தது. இருவரும் தேர்வு எழுதி, கேம்பரோடு ஓட்டிக்காட்டி வாங்கினோம். மற்ற மாநிலங்களில் விதி வேறு, அவரவர் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹிட்ச். தொழிற்சாலையிலேயே தொட்டிக்குள் ஹிட்ச் மாட்டும் குழிகளும் ஏழு முனை மின்சார சாக்கெட்டும் வைத்த வண்டியாகப் பார்த்து வாங்கினால் நிறைய வேலை மிச்சம். குழிகளில் ஹிட்சை இறக்கி, நெம்புகோலைத் திருப்பினால் முடிந்தது, தொட்டியைத் துளை போட வேண்டாம். எட்டடித் தொட்டி இருந்தால் வளைவில் கவலை இல்லை. ஆறரை அடித் தொட்டி என்றால், இறுக்கமான திருப்பத்தில் கேம்பரின் மூலை வண்டியின் பின் கண்ணாடியில் மோத வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு நகரும் ஹிட்ச் தேவைப்படும்.

உயரமும் முக்கியம். இப்போதைய பிக்கப்புகள் உயரமாக நிற்கின்றன. தொட்டியின் விளிம்புக்கும் அதன் மேல் நீளும் கேம்பரின் அடிப்பகுதிக்கும் குறைந்தது ஆறு அங்குல இடைவெளி வேண்டும். எங்களுக்கு முதலில் நாலுதான் இருந்தது. பெட்ரோல் பங்க் வாசலில் ஒரு மேட்டில் ஏறும்போது உரசல் சத்தம் கேட்டது. ஹிட்சை ஒரு துளை உயர்த்தினோம். இடைவெளி சரியாகிவிட்டது, ஆனால் கேம்பர் மூக்கைத் தூக்கி நின்றது, அதனால் கேம்பரின் பின் ஆக்ஸிலில் பாரம் கூடியது. கடைசியில் கேம்பரின் ஆக்ஸில் தொங்கலையே இறக்கி, அதனால் கேம்பரின் உடம்பை உயர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து மட்டமாக்கினோம்.

இரண்டாம் வருஷக் கோடையில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நாமக்கல்லில் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். கொலராடோவில் ஒரு கேம்ப்கிரவுண்டிலிருந்து கிளம்பும் காலை, மழை வரும்போல் இருந்தது, எல்லாருக்கும் அவசரம். நான் ரிவர்ஸ் எடுத்து ஹிட்சில் மாட்டினேன். டக் என்று சத்தம் கேட்டது, ஹிட்சின் கைப்பிடியும் மூடியதுபோல்தான் தெரிந்தது. கேம்பரைத் தரையில் தாங்கி நிற்கும் முன்னங்கால்களைத் தூக்கும் பட்டனுக்குக் கை போனது. அப்பா தொட்டிக்குள் குனிந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"காலைத் தூக்காத கண்ணு. மொதல்ல இழுத்துப் பாரு."

கேம்பர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினேன். வண்டி மட்டும் தனியாக வந்தது. கேம்பர் அதே இடத்தில் காலூன்றி நின்றது. கிங் பின், அதைக் கவ்விப் பிடிக்கும் ஹிட்சின் தாடைக்குள் போகாமல் அதன் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கால்களைத் தூக்கிவிட்டுக் கிளம்பியிருந்தால், முதல் திருப்பத்திலேயே அத்தனை பாரமும் தொட்டி விளிம்பில் விழுந்து வண்டியை நசுக்கியிருக்கும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பா ஒன்றும் திட்டவில்லை. "சத்தத்த நம்பாத. கண்ணால பாரு, அப்புறம் இழுத்துப் பாரு" என்றார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒருநாளும் மாறவில்லை. மாட்டியதும் டார்ச் அடித்துத் தாடை கிங் பின்னை முழுசாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கால்கள் தரையில் இருக்கும்போதே இழுத்துப் பார்ப்பேன். அதன் பிறகுதான் மின் ஒயர், அவசர பிரேக் கேபிள், கால் தூக்குவது எல்லாம். மாட்டும் நேரத்தில் யாரும் என்னோடு பேசக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

பிரேக்குக்கு வருகிறேன். கேம்பருக்குத் தனி மின் பிரேக் உண்டு. அது எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பதை டாஷ்போர்டில் ஒரு எண்ணாக வைக்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் 25 மைல் வேகத்தில் போய், காலால் பிரேக் தொடாமல், கேம்பர் பிரேக் லீவரை மட்டும் முழுசாக அழுத்துவேன். கேம்பர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலை வரும்வரை எண்ணை ஏற்றி, பிறகு கொஞ்சம் குறைப்பேன். ஈரச் சாலைக்கும் காலி கேம்பருக்கும் இன்னும் குறைக்க வேண்டும்.

ஆனால் மலையில் காப்பாற்றுவது எக்ஸாஸ்ட் பிரேக்தான். டீசல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் வண்டிபோல் தானாகப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் டர்போவின் இதழ்கள் மூடிக்கொண்டு, புகை வெளியேறும் வழி குறுகி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். கொலராடோ ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் வரை கிட்டத்தட்ட எட்டு மைல் இறக்கம், நூறு அடிக்கு ஏழு அடி சரிவு வரை. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளை மேடுகள் வைத்திருக்கிறார்கள். முதல் முறை இறங்கும்போது சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டேன். வேகம் 45ல் நின்றது, கீழே வரும்வரை கால் பிரேக் தொட்டது நாலைந்து முறைதான். பக்கத்தில் இருந்த அப்பா, கொல்லிமலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்குவோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழே நிறுத்தியதும் இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். வெதுவெதுப்புதான்.

டயரில்தான் அடி வாங்கினோம். மூன்றாம் வருஷம், 287ம் நெடுஞ்சாலையில் சில்ட்ரெஸ் தாண்டி அமரில்லோ போகும் வழியில், நல்ல வெயில் நேரம், கேம்பரின் பின் டயர் வெடித்தது. கிழிந்த ரப்பர் சுழன்று அடித்ததில் சக்கர வளைவின் தகடும் அதன் உள்ளே போன ஒயரும் போயின. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்க வேண்டும். காற்று குறைந்த டயர் ஓடும்போது சூடேறும், சூடேறினால் வெடிக்கும். முன்னால் ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது, எங்களுக்கும் பக்கத்தில் வந்த காரின் ஹார்ன் சத்தத்தில்தான் தெரிந்தது. அதன் பிறகு நாலு டயரையும் அதிகப் பாரம் தாங்கும், 110 பிஎஸ்ஐ காற்றுப் பிடிக்கும் வகைக்கு மாற்றினோம். அந்த அழுத்தத்தை வீலும் வால்வும் தாங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வால்விலும் அழுத்தமும் சூடும் காட்டும் சென்சார் போட்டோம். இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

டீசல் செலவு: கேம்பர் இல்லாமல் காலனுக்கு 15, 16 மைல், மாட்டினால் 9. நம் கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூட வராது. 55 அடி நீளத்தோடு சாதாரண பங்கில் நுழைந்தால் வெளியே வருவது கஷ்டம், லாரிகள் போடும் வரிசைதான் வசதி. டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசலும் அங்கே பம்பிலேயே கிடைக்கும். அது மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். டேங்கில் ஹீட்டர் இருப்பதால் வண்டியில் உள்ளதுக்குப் பயம் இல்லை, தொட்டியில் கேன் வைத்திருந்தால் குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வையுங்கள். புகை வடிகட்டி அடைக்கும் என்று பயமுறுத்துவார்கள். எங்கள் அனுபவத்தில் பாரம் இழுக்கும்போது புகை நன்றாகச் சூடேறி அது தானே சுத்தமாகிவிடுகிறது. கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டுகிற குட்டிப் பயணங்கள்தான் அடைக்கின்றன, அதனால் ஊருக்குள் இந்த வண்டியை எடுப்பதை விட்டுவிட்டோம்.

பின் ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றுப் பை போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். முதல் வண்டிக்குப் போட்டும் பார்த்தோம். வண்டி மட்டமாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் லேபிளில் உள்ள வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது. ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் அதே பழையவைதானே.

இதுவரை மாட்டி ஓட்டியது 23,000 மைல். இந்த வருஷம் பிக்கப்பின் ஆறு டயரும் மாற்ற வேண்டும். இரட்டை டயரில் உள் பக்கத்து டயருக்குக் காற்றுப் பார்ப்பது சிரமம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், வால்வுக்கு நீட்டிப்பு ஒன்று போட்டால் வேலை சுலபம். இந்த முறை டயர் மாட்டும்போதே அதையும் போடச் சொல்லியிருக்கிறேன். ஜூன் கடைசியில் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பக்கம் கிளம்புகிறோம். அதற்கு முந்தின வாரம் மறுபடி எடை மேடை ஏற வேண்டும், பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், சைக்கிள்களும் பெரிதாகிவிட்டன.