ஸ்ப்ளிட்டா, டுப்ரோவ்னிக்கா?

குரோஷியக் கடற்கரையில் ஒரே ஒரு பழைய நகரத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், பெரும்பாலோர் டுப்ரோவ்னிக் போகச் சொல்வார்கள். நான் ஸ்ப்ளிட் போகச் சொல்வேன்.

இரண்டுமே அகதிகளால் உருவானவை என்றுதான் மரபுவழிக் கதை. ஏழாம் நூற்றாண்டில் அவார், ஸ்லாவ் படையெடுப்புகளில் எபிடாரம், சலோனா என்ற ரோமானிய நகரங்கள் வீழ்ந்தன. எபிடாரத்து மக்கள் கடலோரப் பாறை ஒன்றில் ஒதுங்கினார்கள். அது டுப்ரோவ்னிக் ஆனது. சலோனாவிலிருந்து ஓடியவர்களுக்கோ கட்டி முடித்த அரண்மனையே கிடைத்தது. 305இல் பதவி துறந்த பேரரசர் டயோக்ளீஷியன் தன் கடைசிக் காலத்துக்காகக் கட்டிக்கொண்டது அது.

அந்த அரண்மனைக்குள்தான் ஸ்ப்ளிட் வளர்ந்தது. ரோமானியச் சுவரில் ஜன்னல் திறந்து, தூண்களுக்கு நடுவே வீடு கட்டி, இன்றும் மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். நிலவறைகளில் நூற்றாண்டுக் கணக்கில் குப்பை கொட்டினார்கள். அந்தக் குப்பையே அவற்றைக் காப்பாற்றியது. என்னை மிகவும் உலுக்குவது பேரரசரின் கல்லறை மண்டபம். கிறிஸ்தவர்களை வேட்டையாடிய அவருடைய சமாதியே பிறகு கதீட்ரல் ஆனது. அதுவும், அவர் காலத்து ஒடுக்குமுறையில் உயிரிழந்த சலோனா ஆயர் டோம்னியஸின் பெயரில்! டயோக்ளீஷியனின் உடல் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

டுப்ரோவ்னிக்கின் பெருமை வேறு வகை. அது வணிகக் குடியரசு. ஓட்டோமான்களுக்குக் கப்பம் கட்டித் தன் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டது. தலைவரின் பதவிக்காலம் ஒரே மாதம். கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருபவர்களை 30 நாள் தனியே வைக்க 1377இலேயே சட்டம் போட்டது. 1416இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அரசியல் வரலாறுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், சரி, டுப்ரோவ்னிக்குக்கே போங்கள். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மதில்மேல் நடப்பதும் அருமையான அனுபவம். 1991இல் தொடங்கிய முற்றுகையில் குண்டடி பட்ட நகரத்தை இவ்வளவு கவனமாக மீட்டெடுத்ததையும் பாராட்ட வேண்டும்.

ஆனால் 1667 நிலநடுக்கம் அந்த நகரின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. பிரதான வீதியில் ஒரே அச்சில் வார்த்ததுபோல நிற்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழுந்தவை. தோற்றக் காலத்தை அங்கே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ப்ளிட்டில் அதைக் கையால் தொடலாம். கூடவே, சலோனாவின் இடிபாடுகள் பக்கத்துச் சோலினிலேயே இருக்கின்றன. அரை நாள் ஒதுக்கினால் அந்த அகதிகள் விட்டுவந்த ஊரையும் பார்த்துவிடலாம்.