16 பட்டன் இருந்தால் 16 சேனல் வரும் என்று நம்பாதீர்கள்

மேடைக்கு பர்சனல் மானிட்டர் மிக்சர் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நாங்கள் கொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டோம். நல்ல நிகழ்ச்சி ஒன்று கெட்டுப்போனது. எங்கள் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என் இடது காதில் மூன்று நாள் ஒரு கீச்சுச் சத்தம் ஓயவே இல்லை.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவில் ஆறு பேர்: பாட இரண்டு பேர், கீபோர்டு, கிதார், பாஸ், நான். அதுவரை தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களை வைத்துத்தான் சமாளித்து வந்தோம். பாடகிக்குக் குரலைக் கூட்டினால் கிதார்காரருக்குக் காது வலிக்கும். எனக்கு பாஸைக் கூட்டினால் மேடை முழுக்க அதிரும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் சவுண்ட்காரரைப் பார்த்துக் கையை மேலே காட்டுவதும் கீழே காட்டுவதுமாக இருப்போம். பர்சனல் மிக்சர் இருந்தால் அந்தப் பாடே இல்லை. ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி, ஒரு இன்-இயர் (காதுக்குள் மாட்டும் சின்ன ஸ்பீக்கர்). எல்லாருடைய ஒலியும் தனித்தனி சேனலாகப் பெட்டிக்கு வரும். தனக்கு எது எவ்வளவு வேண்டுமோ அதை அவரவரே திருகி வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு (எங்கள் பாடகியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ரொம்ப நாள் ஆசை அது.

அப்படித்தான் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேசினோம். பெயர் சொல்லப் போவதில்லை. போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, 16 சேனலும் தனித்தனியா வருமா?"

"வரும் தம்பி. பெட்டியிலேயே 16 பட்டன் இருக்கே, கண்ணால பாத்துக்கலாம்."

அந்தப் பதிலோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. பட்டன் இருப்பது வேறு, அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒலி வருவது வேறு. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

நிகழ்ச்சி நாளன்று இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். பெட்டிகள் ஆறும் வந்தன. பெயர்பெற்ற தயாரிப்புதான், பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, பட்டனுக்கு நேராக அழகான கையெழுத்தில் கிக், ஸ்நேர், பாஸ், கீபோர்டு, பாடகர் 1, பாடகர் 2 என்று வரிசையாக எழுதியிருந்தது (கிக், ஸ்நேர் இரண்டும் என் டிரம்ஸ்). பார்த்ததும் எங்களுக்கு வந்த நம்பிக்கையைச் சொல்லி மாளாது.

ஆனால் ஆறு பெட்டிக்கும் ஒலியையும் மின்சாரத்தையும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டு வரவில்லை. அதற்குப் பதிலாக, அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை இணைக்க வைத்திருப்பார்களே, அந்த நெட்வொர்க் சுவிட்சை எடுத்து வைத்தார் உதவியாள். லேன் கேபிள்தானே, இதுவே போதும் என்றார். விளக்கு சிமிட்டியது, ஒலி வரவில்லை. முக்கால் மணி நேரம் அதையே கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். விஷயம் இதுதான்: பெரிங்கர் கம்பெனியின் பி16 பெட்டிகளுக்கு ஒலி அனுப்பும் அல்ட்ராநெட் முறையும் சரி, அவியாம் கம்பெனியின் பழைய ஏ-16 பெட்டிகளின் ஏ-நெட்டும் சரி, லேன் கேபிளில் ஓடினாலும் அவை சாதாரண ஈதர்நெட் இல்லை. நெட்வொர்க் சுவிட்ச் வழியாகப் போகாது. டான்டே போன்ற வேறு முறைகள் மட்டும்தான் உண்மையான நெட்வொர்க்கில் ஓடுபவை. இந்த வித்தியாசம் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது என்று நான் சொல்வேன்.

கடைசியில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு என்று சங்கிலியாக மாட்டினார்கள். அது செல்லும், தவறில்லை. ஆனால் நடுவில் ஒரு கேபிள் கழன்றால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒலி போய்விடும். எங்கள் சங்கிலியின் மூன்றாவது கேபிளில் பிளக்கைப் பிடித்து வைக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. டேப் சுற்றி வைத்தார்கள்.

சவுண்ட் செக்குக்கு மிஞ்சியது பத்து நிமிடம். கிக் என்று எழுதியிருந்த பட்டனை அழுத்திக் கூட்டினேன். கிக் வந்தது, கூடவே ஸ்நேரும் பாஸும் வந்தன. ஸ்நேர் பட்டனை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. பாஸ் பட்டன், ஒன்றும் இல்லை. கேட்டதற்கு சர்வீஸ்காரர், "அந்த மைக்கெல்லாம் இன்னும் ஆன் பண்ணல தம்பி, ப்ரோகிராம் ஆரம்பிச்சதும் வந்துரும்" என்றார். அதற்குள் மீதிப் பணத்தையும் எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் வாங்கி வைத்துவிட்டார்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. வரவில்லை.

முதல் அடி கிளிக்கில் விழுந்தது. நாலைந்து பாட்டுகளுக்கு லேப்டாப்பிலிருந்து கிளிக் ஓடும். அதைக் கேட்டுத்தான் நான் தாளம் பிடிப்பேன். கிளிக் எங்கள் காதுக்கு மட்டும் வர வேண்டும், அரங்குக்குப் போகக் கூடாது. அதனால் சவுண்ட்காரரின் மிக்சிங் மேசையில் அந்த சேனலின் ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளு பட்டன்) கீழேயே இருந்தது. எனக்கோ கிளிக் கேட்கவே இல்லை. கையைக் காட்டினேன். மேசையில் இருந்தவர் அந்த ஃபேடரை மேலே தள்ளினார். கிளிக் என் காதிலும் வந்தது, அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களிலும் டிக் டிக் டிக் என்று வந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தது எனக்குத் தெரிந்தது. உடனே இறக்கினார், என் காதிலும் போய்விட்டது. மீதியைக் கண்ணாலேயே கீபோர்டுகாரரின் தலையசைவைப் பார்த்து வாசித்தேன்.

தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும்: எங்களுக்கு வந்த ஒலி ஃபேடருக்குப் பின்னால் எடுத்தது. போஸ்ட் ஃபேடர் என்பார்கள். அரங்குக்காக அவர் எதை ஏற்றி இறக்கினாலும் எங்கள் காதிலும் அது ஏறி இறங்கும். பர்சனல் மிக்சருக்குக் கொடுக்கும் ஒலியை ஃபேடருக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். அந்த மேசையிலேயே ஒவ்வொரு ஆக்ஸுக்கும் (மேசையிலிருந்து ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் வழி) ப்ரீ என்று ஒரு சின்ன பட்டன் இருந்ததைப் பிறகு பார்த்தேன். ஒன்றைக்கூட அழுத்தியிருக்கவில்லை.

அக்காவின் நிலைமை இன்னும் மோசம். அவர் பட்டனில் அவர் குரலும் இன்னொரு பாடகரின் குரலும் ஒன்றாகத்தான் வந்தன. தன் குரலைக் கூட்டினால் அந்தப் பாடகரின் குரலும் ஏறியது. அரங்கில் குரல் அதிகமாக இருக்கிறது என்று மேசையில் இறக்கியதும், காதிலும் குரல் அமுங்கியது. இரண்டாவது பாட்டில் திரும்பி என்னைப் பார்த்து, "தம்பி, எனக்கு என் குரலே கேக்கலடா" என்றார். ஒரு காதிலிருந்து இன்-இயரைப் பிடுங்கிவிட்டுக் கத்திப் பாடினார். சுருதி விலகியது. கேட்டவர்கள் அக்காவைத்தான் குறை சொன்னார்கள். இத்தனை வருடமாக அவரோடு மேடையேறுகிறேன், அவர் சுருதி விலகி நான் கேட்டதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் ஆறாத கோபம் அதுதான்.

நடுவில் எதிர்பார்த்தபடியே மூன்றாவது கேபிள் கழன்று, கடைசி மூன்று பேருக்கு ஒரு பாட்டு முழுக்க ஒலியே இல்லை. அதை விடுங்கள்.

என் காதுக்கு வந்தது கடைசிக்கு முந்தின பாட்டில். கீபோர்டும் கிதாரும் ஒரே பட்டனில் கலந்து வந்ததால், கீபோர்டு கேட்பதற்காக அதை ஏறக்குறைய முழுதாகத் திருகி வைத்திருந்தேன். கிதாரில் ஏதோ கொரகொரப்பு என்று உதவியாள் மேடைக்கு வந்து, சேனலை மியூட் செய்யச் சொல்லாமல், ஃபேன்டம் பவர் (மேசையிலிருந்து கேபிள் வழியாக வரும் மின்சாரம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிதாரை மேசையோடு இணைக்கும் டிஐ பாக்ஸின் கேபிளைப் பிடுங்கினார். காதுக்குள் வெடி வெடித்த மாதிரி இருந்தது. ஸ்டிக் கையிலிருந்து விழுந்துவிட்டது. இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் லிமிட்டர் இருக்கும்; திடீர்ச் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் அது பிடித்து வைக்கும். என் பெட்டியில் அதை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்கள். நானும் பார்க்காமல் விட்டேன்.

எல்லாம் முடிந்து மூட்டை கட்டும்போதுதான் கருவிகளை அடுக்கி வைத்திருந்த ரேக்கின் பின்பக்கத்தை முதல் முறையாகப் பார்த்தேன். ஒலியை வாங்கிப் பெட்டிகளுக்கு அனுப்பும் இன்புட் மாட்யூலில் 16 ஜாக். அதில் நான்கில் மட்டும் வயர் இருந்தது. மீதி 12 ஜாக்கிலும் தூசி படிந்திருந்தது. செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பல மாதத் தூசி. இந்த 16 சேனல் பெட்டியை அவர் யாருக்குமே 16 சேனலாகக் கொடுத்ததில்லை.

அவருடைய மேசையில் மொத்தம் நான்கு ஆக்ஸ்தான். குரல் எல்லாம் ஒன்றில், டிரம்ஸும் பாஸும் கிளிக்கும் ஒன்றில், கீபோர்டும் கிதாரும் ஒன்றில், எல்லாம் கலந்தது நான்காவதில். இதற்கு 16 பெயர் எழுதி டேப் ஒட்டியிருக்கிறார். தெரியாமல் செய்தது என்றால் அந்த டேப் எதற்கு?

கேட்டேன். "உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல தம்பி. மத்த பார்ட்டி எல்லாம் சந்தோஷமாத்தான் போறாங்க" என்றார். பணத்தில் ஒரு பகுதியாவது திருப்பித் தாருங்கள் என்றோம். கேட்ட பெட்டி ஆறும் வந்ததா இல்லையா என்றார். எழுத்தில் எங்களிடம் இருந்தது "மானிட்டர் மிக்சர் 6" என்ற ஒரே வரி. அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை. செலவை ஆறு பேரும் பகிர்ந்துகொண்டோம்.

தவறுதலாக எங்கள் பையில் அவர் கேபிள் ஒன்று வந்துவிட்டது. பாஸ்காரர் அதன் அடிபட்ட முனையைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. மேடையில் தினமும் சுற்றி அவிழ்க்கும் கேபிளுக்கு அது தாங்காது. திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது கேபிள் மட்டும் சொந்தமாக வைத்திருக்கிறோம்.

நீங்கள் எடுக்கும்போது பெட்டியின் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் சேனல் பட்டியலை எழுதி வாங்குங்கள்: 1 கிக், 2 ஸ்நேர் என்று கடைசி வரை, "ஒவ்வொன்றும் தனியாக, ஃபேடருக்கு முன்னால்" என்ற வார்த்தைகளோடு. எந்த மேசையிலிருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். பெரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மேசையில் அல்ட்ராநெட் போர்ட் உண்டு, ஒரே கேபிளில் 16 சேனல் போகும். ஆனால் எந்த சேனல் எங்கே போக வேண்டும் என்று மேசைக்குள் அமைத்திருக்க வேண்டும். அந்த போர்ட்டில் மின்சாரம் வராது, டிஸ்ட்ரிபியூட்டரோ ஆளுக்கொரு அடாப்டரோ வேண்டும். பழைய அனலாக் மேசை என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் டைரக்ட் அவுட் (அந்த சேனலின் ஒலி மட்டும் வெளியே வரும் ஜாக்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் 16 சேனலையும் எப்படித் தனித்தனியாக எடுக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

சவுண்ட் செக்கில் இரண்டு சோதனை போதும். ஒருவர் மட்டும் ஒரு மைக்கில் பேசட்டும், மற்றவர்கள் அந்தப் பட்டனை மட்டும் கூட்டிக் கேளுங்கள். வேறு பட்டனில் அது வந்தாலோ, அந்தப் பட்டனில் வேறு ஏதாவது வந்தாலோ, அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அப்புறம் அந்த சேனலின் ஃபேடரை முழுதாக இறக்கச் சொல்லுங்கள். காதில் ஒலி அப்படியே இருக்க வேண்டும். இது முடியாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

லிமிட்டரின் அளவை முதலில் இறக்கிவிட்டு, அப்புறம் இன்-இயரைக் காதில் வையுங்கள். அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் வேலை இடங்களுக்குச் சொல்லும் கணக்கு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு 100 என்பது சாதாரணம். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். திறந்த காதில் மேடைச் சத்தம் முழுதாக இறங்கும். அடைத்த காதில் ஒலி போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவோம். இரண்டு காதும் கெடும். அரங்கின் சத்தம் கேட்காமல் தனியாக இருப்பது போல் இருந்தால், அரங்கைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதை ஒரு சேனலில் கொடுக்கச் சொல்லலாம்.

மூன்று நாள் கழித்துக் கீச்சுச் சத்தம் நின்றது. ஆனாலும் காது மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொண்டேன். அக்காவின் தொண்டையும் சரியானது. ஆனால் இனிமேல் காதில் எதையும் மாட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஒருவரிடம் பேசினேன். சேனல் பட்டியலை அனுப்பிவிட்டு, "அண்ணே, மாட்டி முடிச்சதும் ரேக்கோட பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க" என்றேன். சங்கடப்படுவார் என்று நினைத்தேன். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலையே படம் வந்தது. 16 ஜாக்கிலும் வயர், ஒவ்வொரு வயரிலும் எண். அதை அக்காவுக்கு அனுப்பினேன். "என் குரல் எத்தனாவது?" என்று கேட்டார்.