எங்க ஏரியா டாக்டரோட வாட்ஸப் சேனல், அஞ்சுக்கு நாலு ஸ்டார்

இது கிளினிக் ரிவ்யூ இல்ல, அந்த டாக்டர் நடத்துற வாட்ஸப் சேனல் பத்தி. தண்டையார்பேட்டைல குடும்பம் குடும்பமா அவர்கிட்டதான் போவோம், சாயந்தரம் டோக்கன் போட்டா உக்கார எடம் கெடைக்காது, அவ்ளோ கூட்டத்துலயும் வாராவாரம் வாய்ஸ் நோட்டோ குட்டி வீடியோவோ போட்டுடறாரு.

அந்த வாரம் கிளினிக்குக்கு என்ன நோய் வருதோ அத பத்திதான் பேச்சு, அதான் எனக்கு புடிச்சது. மழை வந்தா டெங்கு. சாக்கடை கொசு இல்லம்மா இது, லாரி தண்ணி புடிச்சு வெச்சிருக்கீங்களே டிரம்மு அதுல வளருது, முட்டை சுவத்துல ஒட்டிக்கும், தண்ணிய கொட்டுனா மட்டும் போவாது, வாரம் ஒருவாட்டி தேச்சு கழுவுங்கன்னு டிரம்ம காட்டியே வீடியோ. காய்ச்சல் விட்டுச்சுன்னு வேலைக்கு கெளம்பிடாதீங்க, அப்பதான் உஷாரா இருக்கணும், வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம்னா நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு வேற.

வயித்துப்போக்குக்கு கரைச்சு குடிக்கிற உப்பு-சக்கரை பவுடர் ஓஆர்எஸ் இருக்கே, அந்த வீடியோவும் செம. பாக்கெட் பின்னாடி போட்டிருக்குற அளவு தண்ணில மொத்தமா கலக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டி கலக்கக்கூடாதாம். டப்பா ஜூஸ ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்தத 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்ப பாக்குற மத்திய அரசு அமைப்பு) நிறுத்த சொன்னதுக்கு, ஐதராபாத் குழந்தைங்க டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா சோஷியல் மீடியால கத்துனதும் ஒரு காரணம்னு அதுலதான் தெரிஞ்சுது.

முன்னாடி இது குரூப்பா இருந்துச்சு, ஐயோ. ஒருத்தர் சுகர் ரிப்போர்ட்ட எல்லாரும் பாக்க போடுவாரு, கீழயே இன்னொருத்தர் பப்பாளி எலை ஜூஸு, அப்புறம் பிளாட் விளம்பரம். சேனலா மாத்துனதும் நம்ம நம்பர் மத்தவங்களுக்கு தெரியறதில்ல, யாரும் நடுவுல பூந்து வைத்தியம் சொல்றதுமில்ல. அரிப்பு ஃபோட்டோவ அவரோட நம்பருக்கு தனியா அனுப்புனாலும் ஃபோட்டோ பாத்து மாத்திரை சொல்ல மாட்டேன், நேர்ல வாங்கன்னுடுவாரு. சில பேருக்கு கடுப்பு, எனக்கு அதுலதான் நம்பிக்கையே.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, பிபி பத்தி பேச ஆரம்பிச்சா காலேஜ் கிளாஸ் மாதிரி நீளமா போவுது, வீடியோக்கு பின்னாடி போடுற மியூசிக்ல பேச்சே கேக்க மாட்டேங்குது, எங்க மாமியார் பாதிலயே ஃபோன கீழ வெச்சுடறாங்க. கீழ ரெண்டு வரி எழுதியும் போட்டா காது கேக்காதவங்களுக்கும் உதவும் சார். சேரணும்னா டோக்கன் குடுக்குற எடத்துல க்யூஆர் கோடு ஒட்டியிருக்கு, ஸ்கேன் பண்ண தெரியலன்னா கம்பவுண்டர் அண்ணனே போட்டு குடுப்பாரு.