இன்டிசைன் டெம்ப்ளேட் வாங்குமுன்: பி.டி.எஃப். மாதிரியைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

"தமிழ் நூல்களுக்கென்றே செய்தது, டெம்மி அளவு, முழுக்க யூனிகோட்" என்ற விளம்பரத்தை நம்பி 2,500 ரூபாய்க்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கான ஒரு டெம்ப்ளேட் (நம் பிரதியை நிரப்பிக்கொள்ளும் ஆயத்தக் கோப்பு) வாங்கினோம். வந்தது டெம்ப்ளேட்டே அல்ல. யாருக்கோ முடித்துக்கொடுத்த புத்தகத்தில் பெயரையும் தலைப்புகளையும் மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்கள். திருப்பிக் கேட்டதற்கு, டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை என்று ஒரே வரியில் பதில்.

மாதிரி பி.டி.எஃப். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காரணம், அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அமைத்தது. பாமினியில் கொம்பும் காலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சாகின்றன. அதனால் எந்த கம்போசரிலும் (எழுத்துகளை வரிகளாக அடுக்கும் இன்டிசைன் வசதி) சரியாகத் தெரியும். நம் யூனிகோட் பிரதியை ஒட்டியதும் குட்டு வெளிப்பட்டது. 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பாராகிராஃப் ஸ்டைலில் (பத்தியின் வடிவத்தைப் பெயரிட்டுச் சேமித்த அமைப்பு) ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குள் 'அடோபி வேர்ல்டு-ரெடி' கம்போசர்களில் ஒன்று தேர்வாகியிருந்தால்தான் தமிழ் சேரும். அதில் இருந்தது சாதாரண பாராகிராஃப் கம்போசர்.

இதைப் பணம் கட்டுமுன்பே கண்டுபிடிக்கலாம். மாதிரி பி.டி.எஃப்.பில் 'அம்மா' என்ற சொல்லைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக விழுந்தால் அது பாமினி. யூனிகோட் பி.டி.எஃப்.பிலும் காப்பி செய்யும்போது கொம்பு இடம் மாறுவதுண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம்; தமிழெழுத்தாக வந்தால் போதும்.

அடுத்த மோசடி ஸ்டைல்களில். அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து எஃப்11 அழுத்தினால் திறக்கும் ஸ்டைல் பட்டியலில் 'பேசிக் பாராகிராஃப்', பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அளவு, லீடிங் (வரிக்கு வரி தூரம்), இடைவெளி எல்லாம் கையால் போட்டது என்று அர்த்தம். 18 புள்ளித் தலைப்பை 16 ஆக்க ஒவ்வோர் அத்தியாயமாகப் போய் மாற்ற வேண்டும். பொருளடக்கமும் தானாக வராது, அது ஸ்டைலைப் பார்த்துத்தான் தலைப்புகளை எடுக்கும். பக்க எண்களையும் பக்கம் பக்கமாகத் தட்டியிருந்தார்கள். ஒழுங்கான கோப்பில் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான பேரன்ட் பேஜில் (பழைய பதிப்புகளில் மாஸ்டர் பேஜ்) எண்ணுக்குப் பதில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து நிற்கும்.

ஃபேசிங் பேஜஸும் (இடது, வலது பக்கங்களை எதிரெதிராக அமைப்பது) இல்லை. உள்ளும் வெளியும் ஒரே அரை அங்குல மார்ஜின். முதுகில் பசையிட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் வரியின் ஓரம் முதுகுக்குள் போய்விடும்.

விற்பவரிடம் இரண்டு நிமிடத் திரைப்பதிவு கேளுங்கள். நீங்கள் அனுப்பும் யூனிகோட் பிரதியை ஷிஃப்ட் கிளிக்கில் ஓடவிட்டு, பக்கங்கள் தானாகச் சேர்வதையும் தலைப்பு ஸ்டைலை ஒருமுறை மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறுவதையும் காட்டட்டும். பழைய இன்டிசைன் பதிப்புகளிலும் திறக்கும் ஐ.டி.எம்.எல். கோப்பும் சேர்த்துக் கேளுங்கள். இன்டிசைனின் வழக்கமான ஐ.என்.டி.டி. கோப்பு மட்டும் என்றால் உங்களிடம் பழைய பதிப்பு இருக்கும்போது திறக்காது.

ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் அதைச் சரிசெய்ய உட்காராதீர்கள். எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் பிரிஃபரன்சஸ், அட்வான்ஸ்டு டைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரை இயல்பாக்கிவிட்டு, டெம்மி அளவான 5.5க்கு 8.5 அங்குலத்தில் புதுக் கோப்பு தொடங்குங்கள். உள் மார்ஜின் 20 மி.மீ. தலைப்பு, உபதலைப்பு, முதல் பத்தி, பத்தி, மேற்கோள் என ஐந்து ஸ்டைல் போட்டால் ஒரு நாவலுக்குத் தாராளம்.