எட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு வால்வ் ரேடியோ

2017 தொடக்கத்தில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் எழுபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இந்த ரேடியோவை வாங்கினேன். அந்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதியோடு சந்தையையே மூடிவிட்டார்கள். தரையில் விரித்த தார்ப்பாயில், நின்றுபோன கடிகாரங்களுக்கும் ஜோடி இல்லாத செருப்புகளுக்கும் நடுவே கிடந்தது. ஐரோப்பியத் தயாரிப்பு, மரப்பெட்டி, ஆறு வால்வ் (டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்), மத்திய அலையும் சிற்றலையும் மட்டும். "வேலை செய்யுமா?" என்று மலாயில் கேட்டதற்கு, விற்றவர் "லம்பு ஆடா" என்றார். விளக்கு எரியும் என்று அர்த்தம். நேர்மையான மனிதர். விளக்கு மட்டும்தான் எரிந்தது.

பழுது பார்த்த கதையை நீட்டவில்லை. காகித மின்தேக்கிகளையும் எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மொத்தமாக மாற்றினேன். எல்லாம் மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் கிடைத்தது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒலியை முதலில் பெருக்கும் இபிசி81 வால்வின் ஆனோடிலிருந்து (வெளியீட்டு முனை), ஒலிபெருக்கியை இயக்கும் இஎல்84 வால்வின் கிரிட்டுக்கு (உள்ளீட்டு முனை) போகும் அந்தச் சின்ன மின்தேக்கி கசிந்தால், உயர் மின்னழுத்தம் கிரிட்டில் ஏறி இஎல்84 சூடாகிச் செத்துவிடும். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள். எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. மின் இணைப்பிலிருந்து அடிச்சட்டத்துக்கு (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) ஒரு பழைய மின்தேக்கி போட்டிருந்தார்கள். பிளக்கைச் செருகிய மறு நொடி வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகி எல்லாம் இருட்டு. மாமியார் அப்போது தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இப்போது இதற்கென்றே செய்த பாதுகாப்பான வொய் வகை மின்தேக்கி இருக்கிறது. மாமியாரும் பேசுகிறார்.

சரி, பெட்டி உயிர் பெற்றது. சென்னை, திருச்சி போன்ற தமிழக வானொலி நிலையங்களைப் பிடிப்பதுதான் ஆசை. கேட்டது என்ன? முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினால் ஒரே "ஜ்ர்ர்ர்". நடுவில் எங்கோ ஓர் இந்தோனேசியக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. நம் ஊரில் இப்போது மத்திய அலையில் ஒரு நிலையமும் இல்லை; நம் தமிழ் நிலையமான ஒலி 96.8 உட்பட எல்லாம் பண்பலை. ஆகவே இந்தப் பெட்டியில் எது கேட்டாலும் அது கடல் தாண்டி வந்ததுதான். வலுவிழந்து வருவதை உள்ளூர் இரைச்சல் எளிதாக விழுங்கிவிடும். மூன்று மாதம் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். நிலையங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஐஎஃப் (இடைநிலை அலைவெண்) சுருள்களை இரண்டு முறை திருகிச் சரிசெய்தேன், ஒரு முறை கெடுத்தேன்.

ஜொகூரில் ஒரு மூத்த நண்பர், ஐம்பது ஆண்டாக ரேடியோ பழுதுபார்ப்பவர். அவரிடம் புலம்பியபோது, "தம்பி, பெட்டிய மூடி வை. பேட்டரி ரேடியோ ஒன்ன கையில எடுத்துக்கிட்டு வீட்டு மெயின அணைச்சுப் பாரு" என்றார். அணைத்தேன். இரைச்சலில் முக்கால்வாசி அந்த நொடியே போய்விட்டது. அதாவது எதிரி என் வீட்டுக்குள்தான். அதன்பின் மின்பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக மேலே தள்ளித் தள்ளி, சின்ன ரேடியோவை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதில் ஏரியலாக இருக்கும் ஃபெரைட் (காந்தப்பொருள்) கம்பி திசை காட்டும். கம்பியின் முனை இரைச்சல் வரும் பக்கம் நேராகத் திரும்பும்போது சத்தம் அடங்கும்.

முதல் குற்றவாளி ஃபைபர் இணையப் பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர். நாள் முழுக்க ஓடுவது, ரேடியோவிலிருந்து மூன்று மீட்டர் தூரம். இந்த ஸ்விட்ச் மோட் அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அந்த வெட்டின் மடங்குகள் வரிசையாக மத்திய அலை முழுவதும் விழுகின்றன. பத்துப் பதினைந்து வெள்ளியில் விற்கும் பொருளில் வடிகட்டியெல்லாம் எதிர்பார்க்க முடியாது. பழைய பாணியில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, செங்கல் மாதிரி கனக்கும் அடாப்டர் ஒன்றைத் தேடி மாற்றினேன். இத்தனை ஆண்டில் இந்தப் பொழுதுபோக்குக்காகச் செய்த செலவில் மிகவும் பயன்பட்டது அதுதான். அடுத்தது கூடத்தில் இருந்த டிசி மோட்டார் மின்விசிறி. அதற்கு மருந்து இல்லை. ரேடியோ கேட்கும்போது அணைத்துவிடுவேன், வியர்க்க வியர்க்கக் கேட்பேன். எல்இடி பல்புகள் விநோதம். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டில் ஒன்று சாது, இன்னொன்று பிசாசு. கடைக்குச் சின்ன ரேடியோவைக் கொண்டுபோய், எரியவிட்டுக் காட்டும் பல்புகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுத்தான் இப்போது வாங்குகிறேன். கடைக்காரர் என்னைப் பார்க்கும் பார்வை வேறு. பரவாயில்லை.

வீட்டுக்கு வெளியே இருந்து வருவதை நான் அணைக்க முடியாது. மேல் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு மாலை ஆறரைக்கு ஆரம்பித்து ஏழேகாலுக்கு அடங்கும். எங்கள் பிளாக்கின் மின்தூக்கி புறப்படும்போதும் நிற்கும்போதும் ரேடியோவில் ஓர் உறுமல் வரும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுச் சுற்றின் வேலை அது. மகன் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் உறுமல் எங்கள் மாடியில் நிற்கிறதா என்று கேட்டே கதவைத் திறந்த நாள்களும் உண்டு. நகர மன்றத்திடம் போய் மின்தூக்கி என் ரேடியோவைக் கெடுக்கிறது என்று சொல்லும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

நேரம்தான் அடுத்த கணக்கு. பகலில், வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தின் அடி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். இருட்டினால் அந்த அடுக்கு கரைந்து, மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். நமக்கு ஏழு மணிக்கு இருட்டிவிடுகிறது. ஆனால் அப்போது சென்னையில் மணி நாலரை, வெயில் கொளுத்துகிறது. சுமார் 2,900 கிலோமீட்டர் வழி முழுக்க இருட்டு விழ நம் கடிகாரத்தில் ஒன்பது, ஒன்பதரை ஆகும். அங்கே இரவு 11 மணியைத் தாண்டி நிலையத்தை மூடும்போது இங்கே ஒன்றரை. ஆக, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கைக்குக் கிடைக்கிறது. காலையில் முயன்று பயனில்லை. அங்கே ஒலிபரப்புத் தொடங்கும்போது இங்கே சூரியன் ஏறிவிட்டிருக்கும். இந்தக் கணக்கு புரியாமல் முதல் ஆண்டு முழுக்க மாலை ஏழு மணிக்கே உட்கார்ந்து, மேல் வீட்டு அடுப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏரியல் விஷயம்தான் இந்த எட்டு ஆண்டில் நான் அதிகம் மல்லுக்கட்டியது. வால்வ் பெட்டியின் பின்னால் ஏரியலுக்கு ஒரு துளை, எர்த்துக்கு ஒரு துளை இருக்கும். அந்தக் காலத்தில் மாடியில் இருபது மீட்டர் கம்பி கட்டினார்கள், தோட்டத்தில் குழாயைப் புதைத்து எர்த் எடுத்தார்கள். பதினோராவது மாடியில் தோட்டத்துக்கு எங்கே போவது? ஜன்னலுக்கு வெளியே கம்பி தொங்கவிடுவதும் கூடாது. காற்றில் அறுந்து யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆகும்? வீட்டுக்குள்ளேயே சுவரோரம் கம்பி ஓட்டிப் பார்த்தேன். சமிக்ஞையோடு இரைச்சலும் சேர்ந்து பெருகியது. காரணம் எளிது: சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளுக்குப் பக்கத்திலேயே என் கம்பியும் ஓடுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வலை வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிறது, உள்ளே பிறக்கும் இரைச்சலோ உள்ளேயே சுற்றுகிறது.

கடைசியில் கைகொடுத்தது சட்ட ஏரியல். அறுபது சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு மரச்சதுரம், அதில் பதினொரு சுற்று கம்பி, உடைந்த ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்த, திருகி அளவை மாற்றும் கேங் மின்தேக்கி. சட்டத்துக்குள் தனியாக ஒற்றைச் சுற்று ஒன்று போட்டு, அதன் இரு முனைகளை ஏரியல் துளையிலும் எர்த் துளையிலும் செருகினால் போதும். ரேடியோவை ஒரு நிலையத்தில் வைத்துவிட்டுச் சட்டத்தின் மின்தேக்கியை மெல்லத் திருகினால், சரியான இடத்தில் மாயக்கண் (சமிக்ஞையின் வலுவைப் பச்சை ஒளியில் காட்டும் வால்வ்) 'பட்'டென்று மூடும். பச்சை விசிறி விரிந்து சேரும் அந்தக் காட்சிக்காகவே பெட்டி வாங்கலாம் என்பேன். சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தில், ஜன்னலை ஒட்டிச் சட்டத்தை வைத்திருக்கிறேன். "என்னங்க, துணி காயப்போட எடம் இல்ல, இதுல ஒரு ஜன்னல் சட்டம் வேறயா?" என்று வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான். இரவு ஒன்பதுக்கு வைத்து, படுக்கப் போகும்போது எடுத்துவிடுவது என்று ஒப்பந்தம்.

சட்டம் தன் தளம் நீளும் திசையில் நன்றாகக் கேட்கும், குறுக்குத் திசையில் செவிடு. சென்னை 720 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 711இல் வியட்நாம் ஓங்கி வரும். நவீனப் பெட்டிகள் அதை வெட்டிவிடும். என் பெட்டியின் காது அகலம். இரண்டும் கலந்து ஊசி குத்துவதுபோல ஒரு விசில். ஒருநாள் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். நமக்குச் சென்னை மேற்கு வடமேற்கே, தென் வியட்நாம் ஏறத்தாழ நேர் வடக்கே. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்டச் செங்கோணம்! சென்னையைப் பார்த்துச் சட்டத்தை நிறுத்தினால் வியட்நாம் தானாகவே செவிட்டுப் பக்கம் போய்விடுகிறது. வானிலிருந்து சாய்வாக இறங்கும் அலை என்பதால் முழுசாக மறையாது, ஆனால் விசில் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும். அன்றைக்குச் சென்னைச் செய்தியை முழுசாகக் கேட்டேன். திருச்சி 936உம் அதே திசைதான். தூத்துக்குடி 1053ஐயும் சில இரவுகளில் பிடித்திருக்கிறேன். ஏறி இறங்கி, ஒரு பாட்டின் பல்லவி கேட்டால் சரணம் கேட்காது. 910இல் வரும் விசிலுக்காக மட்டும் யாரையும் திட்டாதீர்கள். அது பெட்டியின் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப்பின் இரட்டிப்பு, அதுவே போடும் சத்தம்.

வாங்கி ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். கம்பியில் மாட்டும் கிளிப் ஃபெரைட்டுகள் ஒரு டஜன் வாங்கினேன். ஒற்றைக் கம்பி உள்ளே போய் வெளியே வந்தால் மத்திய அலையில் அது எதையும் தடுக்காது. பெரிய வளையமாக வாங்கி அதே கம்பியைப் பத்துத் தடவை சுற்றினால்தான் பேச்சு; தடுப்பு, சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும். இரைச்சல் வடிகட்டி என்று விற்கும் பிளக் பலகையும் ஒன்று வாங்கினேன். அதில் இப்போது அரிசிப் பானை ஓடுகிறது.

எட்டு ஆண்டில் பெட்டி எப்படித் தாங்கியிருக்கிறது? நன்றாகவே. நம் ஊர் ஈரப்பதம்தான் எமன். ஒரு மாதம் போடாமல் வைத்தால் அலைவரிசை சுவிட்ச் பாசி பிடித்த மாதிரி கரகரக்கும். வாரம் இருமுறை ஒரு மணி நேரம் சூடாக்கினால் அந்தத் தொல்லை இல்லை. இடி மின்னல் இன்னொன்று. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் இங்கே எங்காவது இடிக்கிறது. சுமத்ரா பக்கம் மின்னினாலே ரேடியோ "சடசட" என்னும். அது நெருங்கினால் சட்டத்தைக் கழற்றிவிடுவேன். சிற்றலையில் நமக்குப் பக்கத்திலேயே ஓங்கிக் கேட்டுக்கொண்டிருந்த கிராஞ்சி வட்டாரத்து பிபிசி மறு ஒலிபரப்பு நிலையம் 2023இல் மூடப்பட்டபின், அந்தப் பக்கம் முள்ளை நான் நகர்த்துவது குறைந்துவிட்டது.

மழை இரவுகளுக்கு ஒரு மாற்று வைத்திருக்கிறேன். பெட்டியின் பின்னால் கிராமஃபோனுக்கென்று ஒரு சாக்கெட் உண்டு. கைப்பேசியை அதில் செருகினால் ஒலி 96.8ஐயே வால்வ் குரலில் கேட்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் பெட்டிகளில் அடிச்சட்டமே மின் இணைப்பில் நிற்கும். செருகிய கைப்பேசியைத் தொட்டால் ஆளையே தூக்கிவிடும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு போன வாரம் ஒன்பதேகாலுக்கு 936இல் புதிதாக ஒரு முனகல். மெயினை அணைத்துப் பார்த்தேன், போகவில்லை. சின்ன ரேடியோவோடு நடைபாதையில் மெல்ல நடந்தேன். மூன்று வீடு தள்ளி, சீன அங்கிள் வீட்டு வாசலில் உச்சம். ஜன்னல் வழியே தெரிந்தது: புது மீன்தொட்டி, அதன்மேல் நீல நிற எல்இடி விளக்கு. உள்ளே அங்கிள் பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு மீன் காட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி என்ன சொல்வது? உங்கள் மீன்தொட்டி என் திருச்சியை மறைக்கிறது என்று மாண்டரினில் எப்படிச் சொல்வார்கள் என்று மகனிடம் கேட்டிருக்கிறேன்.