இரண்டாவது குழந்தைக்கும் அதே ஸ்ட்ரோலர்: முன்சக்கரம் பற்றி ஒரு நீண்ட புகார்

மயிலாப்பூரில் நான் பயன்படுத்திவரும் ஸ்ட்ரோலரின், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியின் விலை அண்மையில் பெருமளவு குறைந்திருக்கிறது. முன்பு என்னுடன் வேலை பார்த்த, இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கும் தோழி அந்த விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இது உங்க வண்டிதானே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். "வாங்கு" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வந்த நேரத்தில் நான் ஒரு சைக்கிள் கடை வாசலில், கழற்றிப் போட்ட முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தேன். ஆகவே அந்த ஒரு சொல்லில் அடங்காத மற்றவற்றையும் எழுதிவைப்பதுதான் நியாயம்.

ஐந்து முனை பெல்ட், படுக்கை வரை சாயும் இருக்கை, ஒரு கையால் மடிக்கும் வசதி, பதினைந்து கிலோ வரை தாங்கும் சட்டம் என்று விளம்பரத்தில் சொல்லப்பட்டவை எல்லாம் உண்மைதான். மூத்தவனுக்காக வாங்கிய வண்டியில் இப்போது இளையவள் அமர்ந்திருக்கிறாள், அவற்றில் எதுவும் இன்று வரை கெடவில்லை. துணி தோய்த்துத் தோய்த்து வெளுத்திருக்கிறது, கிழியவில்லை. கைப்பிடியில் கோப்பை வைக்கும் வளையம் வாங்கிய சில நாட்களிலேயே உடைந்து போனது. அதற்காக யாரும் வருந்தவில்லை.

என் சண்டை முழுவதும் முன்சக்கரத்தோடுதான். அதன் விட்டம் ஆறு அங்குலம், அதாவது ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர். தன் ஆரத்தைவிட உயரமான படியின் மீது எந்தச் சக்கரத்தையும் நேராகத் தள்ளி ஏற்ற முடியாது என்பது பள்ளிப் பாடம். அதைவிடக் கசப்பான செய்தி என்னவென்றால், ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இந்த வண்டியைப் பொறுத்தவரை இரண்டரை சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்றை ஏற்றுவதற்கே, அந்தச் சக்கரத்தின் மீது இறங்கியிருக்கும் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசையால் தள்ள வேண்டியிருக்கும். அதிலும் நம் கைகள் சக்கரத்தின் அச்சுக்கு நேராக இல்லாமல் மேலே, கைப்பிடியில் இருப்பதால், நாம் தள்ளுவதில் ஒரு பகுதி முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துவதற்கே போய்விடுகிறது. ஆகையால் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும்போது மேலும் வேகமாகத் தள்ளுவதால் பயன் எதுவும் இல்லை. கைப்பிடியைக் கீழே அமுக்கி முன்பகுதியைத் தூக்கி வைக்க வேண்டும், அல்லது வண்டியைத் திருப்பிக்கொண்டு, பெரிய பின்சக்கரங்களை முதலில் ஏற்றிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இவற்றில் எதுவும் வண்டியோடு வந்த கையேட்டில் இல்லை. அந்தக் கையேட்டில் புல்வெளிக்கு நடுவே போடப்பட்ட வழவழப்பான பாதையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியர் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

பாதசாரிகளுக்கான வசதிகளைப் பற்றி, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டுதலில், நடைபாதையின் விளிம்பு சாலை மட்டத்திலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும், தடையின்றி நடப்பதற்கு 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் கூறப்பட்டிருக்கிறது. அந்த 150 மில்லிமீட்டர் என் முன்சக்கரத்தின் முழு விட்டம். விதிப்படி கட்டப்பட்ட நடைபாதையிலேயே சரிவு இல்லாத இடத்தில் இந்த வண்டி ஏறாது என்றால், எங்கள் பக்கத்து நடைபாதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பல, மழைநீர் வடிகாலின் மேல்மூடியாகவே அமைந்திருப்பதால், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் இறங்கி ஏறுகின்றன. இடையில் ஒரு மின்பெட்டி, ஓர் இஸ்திரி வண்டி, மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை. பைக்குகள் ஏறாமல் இருப்பதற்காக நட்டுவைத்த இரும்புக் குழாய்களுக்கு நடுவே பைக் நுழைந்துவிடுகிறது, ஸ்ட்ரோலர் நுழைவதில்லை. லஸ் பகுதியில் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்புகள் வைக்கப்பட்ட பிறகு, நடப்பதற்கு மீதமிருக்கும் இடத்தில் வண்டியோடு செல்வது தனித் திறமை என்றே ஆகிவிட்டது.

சாலையைப் பற்றிய கோபத்தை வண்டியின் மீது காட்டுவது முறையா என்று என் கணவர் கேட்கிறார். முறைதான் என்பது என் எண்ணம். இந்தியாவில் விற்பதற்காக, இந்திய விலையில், இந்திய முகவரியோடு வரும் பொருளுக்கு எட்டு அங்குலச் சக்கரம் போட்டிருந்தால் அதன் எடை சற்றுக் கூடியிருக்கும், மடித்த பிறகு அது சற்றுப் பருத்திருக்கும்; அவ்வளவுதான். விமான நிலையத்தின் தரையில் உருள்வதற்குத்தான் ஆறு அங்குலம் போதும். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அன்றாடம் விமான நிலையத்துக்குப் போகிறார்கள்?

முன்சக்கரம் எல்லாத் திசையிலும் சுழலக்கூடியது. வேண்டும்போது அதைப் பூட்டி நேராக மட்டும் ஓட வைக்கலாம். பூட்டி வைத்தால் மேடு பள்ளத்தில் சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுகொள்ளாது என்பதால், கரடுமுரடான இடத்தில் பூட்டுவதே நல்லது. ஆனால் வளைவில் திருப்பும்போது பின்சக்கரங்களின் மீது வண்டியைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். இன்னொரு தொல்லை, அச்சில் சுற்றிக்கொள்ளும் தலைமுடியும் நூலும். சுற்றியது தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அதுவே, அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் குழலை, அதாவது புஷ்ஷைத் தேய்த்துவிடும். மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, பழைய பிளேடால் அறுத்து எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையில் கடற்கரை மணல் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் அரைத்துக்கொண்டே ஓடும். உலர்ந்துவிடும் சிலிக்கோன் ஸ்ப்ரே மட்டுமே சரிப்படுகிறது.

இவ்வளவு கவனித்தும் புஷ் தேய்ந்தது, சக்கரம் ஆடியது, நேராகத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். சக்கரம் தனியாகக் கிடைக்காது, முன்பகுதி முழுவதையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். சரி, அனுப்புங்கள் என்றேன். அது இப்போது இருப்பில் இல்லை என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, புதிய வண்டி வாங்கினால் பயன்படும்படி ஒரு தள்ளுபடிக் கூப்பனை அனுப்பிவைத்தார்கள். சட்டம் வளையாத, துணி கிழியாத, பெல்ட் தளராத ஒரு வண்டியை, கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் குழல் ஒன்றுக்காகத் தூக்கி எறியச் சொல்லும் அந்தக் கடிதத்தின் மரியாதையான நடைதான் என்னை மிகவும் எரிச்சலூட்டியது. இறுதியில் சைக்கிள் கடைக்காரர் நைலான் குழாய்த் துண்டு ஒன்றை அளவு பார்த்து அறுத்து, இரு பக்கமும் வாஷர் போட்டு முடுக்கிக் கொடுத்தார். நூறு ரூபாய்கூட வாங்கவில்லை. வண்டி இப்போது புதிதாக வந்த நாளைவிட நேராக ஓடுகிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்லது நிறைய இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் இரண்டு குழந்தைகளோடு வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு கடினம் என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். இளையவளைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, மூத்தவனிடம் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால், நாங்கள் மூவரும் நடக்கத் தயார். கம்பியை விட்டால் வண்டி நின்றுவிடும் என்பது ஒப்பந்தம்; வண்டி நின்றால் தங்கை அழுவாள் என்பதால் அவன் விடுவதில்லை. என் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருப்பதால் கைப்பேசியை எடுக்க வழியில்லை, அவன் பேசுவதைக் கேட்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. எல்.கே.ஜி.யில் யார் யாருடைய பென்சிலைக் கடித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவான். பிறகு கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பான். கல் வரும் இடமெல்லாம் வண்டியை நிறுத்தித் தூக்கி வைக்க வேண்டியிருப்பதால், ஒரு பலகையை முழுவதும் படித்து முடிக்க அவனுக்கு நேரம் கிடைக்கிறது. பாத்திரக் கடை, அடகுக் கடை, நாட்டு மருந்துக் கடை என்று தெற்கு மாட வீதிக்கு வருவதற்குள் அவன் வல்லின மெய்களை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான். இதற்கான பெருமையைச் சக்கரத்துக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

அடியில் இருக்கும் கூடை ஓர் அற்புதம். தெற்கு மாட வீதியில் வாங்கும் காய்கறி, இரண்டு கட்டுக் கீரை, அரை லிட்டர் பால், மூத்தவனின் செருப்பு (அவன் திடீரென்று கழற்றிவிடுவான்) எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பைகளைக் கைப்பிடியில் மட்டும் மாட்டக் கூடாது. குழந்தையைத் தூக்கிய மறுநொடி எடை முழுவதும் பின்னால் போய், வண்டி மல்லாந்துவிடும். குழந்தை உள்ளே இருக்கும்போதே சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதேபோல, வெயிலுக்காக மேற்கூரையிலிருந்து துண்டு போட்டு முழுவதும் மூடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. காற்று நின்றுபோய் உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட வேண்டும். சென்னையில் மே மாதம் இந்த வண்டிக்கு வேலையே காலை ஏழரைக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பிறகும்தான்.

எங்கே நன்றாக ஓடுகிறது என்று கேட்டால், லஸ் சர்ச் சாலையில் அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயரைத் தாங்கிய நாகேஸ்வர ராவ் பூங்காவின் நடைப்பாதை, 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம், கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றைச் சொல்வேன். நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு லிஃப்டில் போய்விடலாம். மூத்தவன் படப் புத்தகங்களைத் தரையில் பரப்பிக்கொள்ளும்போது இளையவள் வண்டியிலேயே உறங்குவாள், நானும் ஏதாவது இரண்டு பக்கம் படிப்பேன். மெட்ரோவில் பிளாட்பாரமும் ரயில் பெட்டியின் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் தயங்காமல் ஏறலாம், எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் போதும்.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணல் மீது போடப்பட்ட 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது; இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயலின் அலைகளில் ஒரு பகுதி பெயர்ந்து, பிறகு சரிசெய்யப்பட்டது. அது சக்கர நாற்காலிக்காரர்களின் பாதை, அவர்கள் வந்தால் நாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் கூட்டமில்லாத வார நாள் மாலையில் இளையவளை வண்டியோடு அலைக்கு அருகே கொண்டுபோக முடிந்தபோது, இந்த ஆறு அங்குலச் சக்கரங்களே அங்கு ஓசையில்லாமல் உருண்டதைக் கண்டு எனக்கு இரட்டிப்பாகக் கோபம் வந்தது. பாதை சரியாக இருந்தால் இந்த வண்டி எவ்வளவு நல்ல வண்டி!

ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் மடித்து வைக்கலாம், "புள்ளையத் தூக்கிக்கினு போனா ஆகாதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுநர் தானே வாங்கி வைத்துவிடுவார். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று அவர் சொல்வதுதான் சரி. அன்று மாட வீதியில் வண்டியை எடுத்துப் போகிறவர்கள் தங்களையும் மற்றவர்களையும் ஒருசேரத் துன்புறுத்துகிறார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் இந்த வண்டி பயன்படாது, ஏழு கிலோவுக்கு மேல் எடை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் ஐந்தில் நான்கு நட்சத்திரம் வர வேண்டும் என்று என் கணவர் கணக்குப் போட்டுச் சொன்னார். நான் கொடுத்திருப்பது இரண்டு. இன்று மாலையும் இதே வண்டியைத்தான் வெளியே எடுப்பேன், இளையவள் நான்கு வயதை நெருங்கும்வரை வேறு வண்டி வாங்கும் எண்ணமும் இல்லை. ஆயினும், முன்சக்கரத்தைத் தனியாக விற்பனைக்கு வைக்கும் நாள் வரை அந்த இரண்டு மூன்றாகாது. அந்தக் கூப்பனும் காலாவதியாகிவிட்டது.