சாமி மேடைக்குப் ‘பட்டு’ வாங்குபவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்

நவராத்திரிக்கு முன்னால் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் சாமி மேடைக்கு 3 துணி வாங்கினேன். அம்மனுக்குச் சிவப்பு, முருகனுக்கு மஞ்சள், கொலுப்படிக்கு வெள்ளை. ஒன்று 55 வெள்ளி (ரிங்கிட்). “சுத்தப் பட்டுதானா தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டேன். “நூத்துக்கு நூறு பட்டு அக்கா, சாமி காரியத்துல பொய் சொல்வேனா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன்.

சுத்தப் பட்டு என்று உறுதி சொல்லும் ‘சில்க் மார்க்’ சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, “அது சேலைக்கு மட்டுந்தான் அக்கா” என்றார். அப்படியெல்லாம் இல்லை. 2004-இல் இந்தியாவில் தொடங்கிய அந்த முத்திரையை எந்தச் சுத்தப் பட்டுத் துணிக்கும் பெறலாம். சீட்டு இல்லாததாலேயே போலி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இந்தப் பதில் பொய்.

முதல் வெள்ளிக்கிழமை. காமாட்சி விளக்கின் திரியைத் தூண்டும்போது கருகிய நுனி சிவப்புத் துணியில் விழுந்தது. துணி கருகவில்லை, உருகியது! 50 காசு அகலத்துக்கு ஓட்டை. அதன் ஓரம் முழுக்கக் கறுப்பாக, மணிமணியாக இறுகிக் கிடந்தது. வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். விளக்கை ஏற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பியிருந்தால்?

அப்புறம் மற்ற இரண்டிலும் ஓரத்தில் ஒரு நூலை உருவி, சிங்க்கில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருண்டு கல்லாகிவிட்டது. அசல் பாலியஸ்டர். (சாயம் போவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல பட்டிலும் சாயம் போகும்.)

கடைக்குப் போனேன். “விளக்கைத் துணி மேல வச்சது உங்க தப்பு” என்று சொல்லி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ பலகையைக் காட்டினார். பில்லை எடுத்துப் பார்த்தால் மலாயில் ‘காயின் 3’ (துணி 3) என்று மட்டும் இருந்தது. பட்டு என்ற பேச்சே இல்லை. வாங்கும்போது அதைப் படிக்காதது என் முட்டாள்தனம்.

நல்லவேளை, வாங்குவதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, படத்தோடு ‘சுத்தப் பட்டு’ என்று அவரே எழுதி அனுப்பியிருந்தார். அதைக் காட்டி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன் என்றேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீலும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்குத் தரும் உரிமையை ஒரு பலகை மாட்டிப் பறித்துவிடவும் முடியாது. முகம் மாறியது. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 110 வெள்ளியை மேசையில் வைத்தார். ஓட்டை விழுந்ததற்குக் காசு கிடையாதாம். அலைய முடியாமல் விட்டுவிட்டேன்.

இப்போது மேடையில் அப்பாவின் பழைய பருத்தி வேட்டியை வெட்டி விரித்திருக்கிறேன். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று அம்மா தினமும் குத்திக்காட்டுகிறார். தங்கை நேற்று அந்தப் பக்கம் போனாள். தீபாவளிக் கூட்டத்துக்கு அதே சிவப்புத் துணி, ‘அசல் பட்டு’ அட்டையோடு, கடை வாசலிலேயே தொங்குகிறதாம்.